அம்மாவை இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவதா?



விடியற்காலை நான்கு மணி. கிள்ளானில் ஒரு தாமான் வீடு. 78 வயது அம்மா எழுந்துவிட்டார். விளக்கைக்கூடப் போடாமல் இருட்டில் வாளியைத் தேடுகிறார், பால் வெட்டும் கத்தியைத் தேடுகிறார். "பெரட்டுக்கு நேரமாச்சு, ஒருத்தரும் எழுப்பலையே" என்று புலம்பிக்கொண்டே முன்கதவைப் பிடித்து இழுக்கிறார். கதவு பூட்டியிருக்கிறது. சத்தம் கேட்டு மகள் ஓடி வருகிறார்.

"எந்த எஸ்டேட்டும்மா? நாம டவுனுக்கு வந்து முப்பது வருஷமாச்சு. தோட்டத்தையே வித்துட்டாங்கம்மா."

"வித்துட்டாங்களா? அப்ப என் சம்பளம்? புள்ளைங்கள ஆயக்கொட்டகையில விட்டுட்டு வந்தேனே, அதுங்க எங்க?"

அம்மா அழத் தொடங்கிவிடுவார். மகள் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மை அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் புதிய சாவுச் செய்தியாக வந்தது. நேற்று அழுதது இன்று நினைவில் இல்லை. இன்றைக்கு மறுபடியும் முதலிலிருந்து அழ வேண்டும்.

இதை ஒரு வீட்டுக் கதையாகச் சொன்னாலும், பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துத்தான் இங்கே சொல்லப்படுகிறது. அதனால் பெயர்கள் வேண்டாம். அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். மகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மகன் சிங்கப்பூரில் ஜூரோங்கில் வேலை செய்கிறார். அப்பா காலமான பிறகு அம்மா மகளோடு இருந்தார்.

தொடக்கத்தில் யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. தாலிக்கொடியைக் காணோம் என்றார் அம்மா. மருமகன் எடுத்துவிட்டார் என்று பக்கத்து வீடு வரை சொல்லிவிட்டார். மூன்று நாள் கழித்து அது அரிசிப் பானைக்குள் கிடைத்தது. ஒளித்து வைத்தவரே அவர்தான். வைத்தது மறந்துபோனால் மனம் ஒரு காரணத்தைத் தேடும். 'யாரோ திருடிவிட்டார்கள்' என்பதுதான் அதற்குச் சுலபமாகக் கிடைக்கும் காரணம். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை மருமகள்கள், எத்தனை பணிப்பெண்கள் திருட்டுப் பட்டம் சுமந்திருப்பார்கள்!

மறதி நோய் என்று பொதுவாகச் சொல்லப்படும் டிமென்ஷியாவில் 60 முதல் 70 விழுக்காடு அல்சைமர் வகை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மூளையில் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை இந்நோய் ஆரம்பத்திலேயே தாக்குகிறது. அதனால்தான் காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது போய்விடும், 1965-இல் கங்காணி ஏசியது அப்படியே இருக்கும். மலேசியாவில் 2018-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும் என்று கண்டது. சிங்கப்பூரில் 2023-இல் நடந்த ஆய்வில் அது 8.8 விழுக்காடு. நூறு முதியவர்கள் வரும் ஒரு கல்யாணத்தில் எட்டு ஒன்பது பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படித்தவர், பதவியில் இருந்தவர் என்று இந்நோய் பார்ப்பதில்லை. நாட்டின் 5-ஆவது பிரதமர் துன் அப்துல்லா அகமது படாவிக்கு டிமென்ஷியா என்பதை 2022-இல் அவருடைய மருமகன் கைரி ஜமாலுடின் வெளிப்படையாகச் சொன்னார். துன் 2025 ஏப்ரலில் காலமானார். அந்தக் குடும்பம் மறைக்காமல் சொன்னதால் பல வீடுகளில் பேச்சு எழுந்தது. நம் வீடுகளிலோ இன்னும் 'அம்மாவுக்குக் கொஞ்சம் உடம்பு முடியல' என்பதோடு சரி.

கிள்ளான் மகளும் தம்மால் ஆனதை எல்லாம் செய்து பார்த்தார். பணிப்பெண் வைத்தார். அம்மாவின் ஏச்சு தாங்காமல் அந்தப் பெண் நான்கு மாதத்தில் போய்விட்டார். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்தார். அது நல்ல ஏற்பாடு. பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய அல்சைமர் அறநிறுவனம்கூட இப்படி ஒன்றை நடத்துகிறது. நோய் முற்றாத காலத்தில், வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் இந்த அம்மாவின் நோய் பகலில் அடங்கி இரவில்தான் வேலைக்குப் புறப்பட்டது.

ஒருநாள் கதவைப் பூட்ட மறந்துவிட்டார்கள். விடியும் முன் ஐந்தரை மணிக்கு, பெரிய சாலை ஓரத்தில், கைலியோடும் கையில் பிளாஸ்டிக் வாளியோடும் நடந்துகொண்டிருந்த அம்மாவை ஒரு மோட்டார் சைக்கிள்காரர்தான் நிறுத்தி வைத்திருந்தார். லோரிகள் பறக்கிற சாலை அது. அன்றைக்குப் பள்ளியில் மகள் மயங்கி விழுந்தார். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது.

அதன் பிறகுதான் 'இல்லம்' என்ற சொல் அந்த வீட்டில் எழுந்தது. சிங்கப்பூரிலிருந்து தம்பி போனில் கொதித்தார்.

"அம்மாவ ஹோமுல போடப் போறியாக்கா? ஊரு என்ன சொல்லும்? எங்கிட்ட நல்லாத்தானே பேசுறாங்க!"

"ஊரு ராத்திரி நாலு மணிக்கு வர்றதில்ல தம்பி."

தம்பி பொய் சொல்லவில்லை. இந்நோய் உள்ளவர்கள் பத்து நிமிடப் பேச்சில் சமாளித்துவிடுவார்கள். 'நல்லா இருக்கேன்யா, சாப்பிட்டியா, வேலை எப்படி' என்ற பழக்கப்பட்ட பேச்சுக்குப் புதிய நினைவு தேவையில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடம்தான் அம்மா. பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு மிச்சம் இருபத்துமூன்று மணி ஐம்பது நிமிடம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை சண்டை பல வீடுகளில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வெளியூரில் இருப்பவர் தீர்ப்புச் சொல்லும் முன் ஒரு வாரம் லீவு போட்டு, அந்த வீட்டில் இரவு தங்கிப் பார்ப்பது நல்லது.

இங்கே ஒரு பழைய செய்தி. இந்நோய்க்குப் பெயர் தந்த ஜெர்மன் டாக்டர் அலோய்ஸ் அல்சைமர், முதன்முதலில் இதை ஆராய்ந்தது ஆகஸ்ட் டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம். 1901-இல் அவரை பிராங்பர்ட் மனநல மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தவர், ரயில்வேயில் எழுத்தராக இருந்த அவருடைய கணவர். வீட்டில் வைத்துப் பார்த்து, முடியாமல் போன பிறகுதான் சேர்த்தார். ஆக, இந்நோயின் வரலாறே வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் போன ஒரு குடும்பத்தில்தான் தொடங்குகிறது.

சரி, எங்கே சேர்ப்பது? அரசாங்கத்தின் ருமா ஸ்ரீ கெனாஙான் இல்லங்கள் ஆதரவற்ற ஏழை முதியவர்களுக்கு. தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளக் கூடியவர்களைத்தான் அங்கே சேர்ப்பார்கள். முற்றிய மறதி நோயாளிக்கு அது இடமில்லை. மீதி இருப்பவை தனியார் இல்லங்களும் தொண்டூழிய இல்லங்களும்தான். அவை முறையாகப் பதிவு பெற்றவையா என்று முதலில் பார்க்க வேண்டும். பதிவு செய்யாமல் வாடகை வீட்டில் நாலு கட்டில் போட்டு நடத்தும் இடங்களும் இருக்கின்றன.

சாதாரண முதியோர் இல்லத்துக்கும் மறதி நோயாளிகளுக்கென்று அமைத்த இல்லத்துக்கும் வித்தியாசம் உண்டு. நல்ல இல்லத்தில் நடைபாதை சுவரில் போய் முட்டாமல் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேரும். நடக்க வேண்டும் என்ற தவிப்பு இந்நோயில் அதிகம். நடக்க விடுவதுதான் வைத்தியம். அறை வாசலில் எண்ணுக்குப் பதில் அவரவர் பழைய புகைப்படம் இருக்கும். கழிவறைத் தொட்டியின் இருக்கை சுவரோடு ஒட்டாத வேறு நிறத்தில் இருக்கும், வெள்ளை மேல் வெள்ளை இவர்கள் கண்ணுக்குப் பிடிபடாது. தட்டும் அப்படித்தான். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோற்றைப் போட்டுவிட்டு 'சாப்பிடவே மாட்டேங்கிறாங்க' என்று வீட்டிலும் சொல்கிறோம். 2004-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், தட்டையும் குவளையையும் அழுத்தமான நிறத்துக்கு மாற்றியதும் நோயாளிகள் அதிகமாகச் சாப்பிட்டார்கள், குடித்தார்கள்.

மகள் ஐந்து இடங்களைப் பார்த்தார். ஒன்றின் வரவேற்பறையில் மீன் தொட்டி, சோபா, ஏர்கண்டிஷன். காலை பதினொரு மணிக்குப் போனபோது எல்லாம் பளிச்சென்று இருந்தது. கெட்டிக்காரி அவர். இரண்டு நாள் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் மாலை ஆறரைக்குப் போனார். இருபது பேருக்கு இரண்டே பணியாளர்கள். நான்கு பேர் துணியால் நாற்காலியோடு கட்டப்பட்டு டிவி முன்னால் இருந்தார்கள். சூரியன் சாயும் நேரத்தில்தான் இவர்களுக்குக் கலக்கம் கூடும். ஓர் இல்லத்தின் லட்சணம் தெரிவது அந்த நேரத்தில்தான். இரவில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், தூக்க மருந்தை யார் முடிவு செய்வது, கட்டிவைக்கும் பழக்கம் உண்டா, நம் சாப்பாடு கிடைக்குமா, நெற்றிக்குத் திருநீறு வைத்துவிடுவார்களா என்பதையெல்லாம் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது மீன் தொட்டி இல்லாத ஒரு பழைய பங்களா. அங்கே ஒரு பணியாளர், ஒரு சீனப் பாட்டியின் எதிரே தானும் தாழ உட்கார்ந்து, அவசரமில்லாமல் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

சேர்க்கும்போது ஒரு பாரம் கொடுத்தார்கள். நோய், மருந்து விவரங்களோடு இன்னொரு பக்கம் இருந்தது. எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார், என்ன வேலை செய்தார், எதற்குப் பயப்படுவார், எத்தனை மணிக்கு எழுவார். மகள் 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினார்.

இந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போகக்கூடாது. முப்பது வருடம் கொசுக்கடியிலும் பனியிலும் மரம் வெட்டி, காண்டாக் கம்பில் பால் சுமந்து, அந்தச் சம்பளத்தில் ஒரு பெண்ணை ஆசிரியை ஆக்கிய ஒருவரை 'இல்லத்தரசி' என்று எழுத வைத்தது எது? டவுனுக்கு வந்த பிறகு நம்மில் பலர் தோட்டத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம். கூச்சம். கூச்சப்பட்டு மறைத்ததுதான் அந்த அம்மாவிடம் கடைசி வரை மிஞ்சியிருந்த நினைவு.

விளைவு உடனே தெரிந்தது. நான்கு மணிக்கு எழுந்து கதவை இழுக்கும் இந்தியப் பாட்டியை இரவுத் தாதிக்குப் புரியவில்லை. அவர் மியன்மார் நாட்டுப் பெண், மலாய் கொஞ்சம் தெரியும். அம்மாவும் ஒரு காலத்தில் சந்தை மலாய் பேசியவர்தான். ஆனால் பலமொழி பேசியவர்களில் பலருக்கு, நோய் முற்ற முற்ற, பின்னால் கற்ற மொழி முதலில் போய் தாய்மொழி நிற்கும். அம்மா தமிழில் கெஞ்சுகிறார், தாதி மலாயில் சமாதானம் சொல்கிறார். முரண்டு பிடிக்கிறார் என்று தூக்க மாத்திரையின் அளவு கூடியது. பகலெல்லாம் அம்மா தள்ளாடினார், ஒருமுறை விழுந்தார். அந்த மூன்று வாரமும் மகள் தம்மைத் தாமே சபித்துக்கொண்டார். தம்பி சொன்னதுதான் சரியோ என்று நினைத்தார்.

வழி காட்டியவர் டாக்டர் அல்ல. தோட்டத்தில் பக்கத்து லயத்தில் இருந்த ஒரு பழைய தோழி, தம் பேரனைக் காரோட்டச் சொல்லிப் பார்க்க வந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரட்டுக்கு நேரமாச்சுக்கா, கதவத் தொறக்க மாட்டேங்கிறாளுங்க" என்றார். அந்தத் தோழி யோசிக்கவே இல்லை.

"ஏ, வெளிய பாரு. மழ புடிச்சிருக்கு. இன்னிக்கி ஏது வெட்டு?"

அம்மா ஜன்னலைப் பார்த்தார். "அப்பாடா" என்று கட்டிலில் சாய்ந்துவிட்டார்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் மங்கில் இறங்காமல் ஒழுகிவிடும், அன்று வெட்டு கிடையாது. மகளுக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் தோன்றவில்லை. உண்மையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்றே அவர் இத்தனை நாள் போராடியிருந்தார், ஆசிரியை அல்லவா.

அன்று மாலையே அவர் பாரத்தைத் திரும்ப வாங்கி 'இல்லத்தரசி'யை அடித்துவிட்டு, 'பால்மரம் வெட்டியவர், காலை நான்கு மணிக்கு எழுவார்' என்று எழுதினார். மியன்மார் தாதிக்கு ஒரு வரி தமிழ் சொல்லிக் கொடுத்தார். 'மழ பெய்யுது, வெட்டு இல்ல.' அந்தப் பெண் அதைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு சொல்லிப் பழகினார். எல்லா இரவும் அது பலித்தது என்று சொல்ல முடியாது. பல இரவுகள் பலித்தது. அடுத்த முறை டாக்டர் வந்தபோது மாத்திரை குறைக்கப்பட்டது.

இது பொய் இல்லையா, பெற்ற தாயிடம் பொய் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு உதவும். அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக் காட்சிகளையும் சிரிப்பான காட்சிகளையும் காட்டினார்கள். சில நிமிடங்களில் படத்தை மறந்துவிட்டார்கள். ஆனால் அது தந்த வருத்தமும் சந்தோஷமும் அதன் பிறகும் அவர்களிடம் தங்கியிருந்தன. காரணம் தெரியாத வருத்தம் எவ்வளவு கொடியது! 'தோட்டத்தை வித்துட்டாங்க' என்ற உண்மை அந்த அம்மாவுக்கு விட்டுச் சென்றது அதைத்தான். சொத்து, பணம், கையெழுத்து விஷயத்தில் பொய் கூடாது. விடியற்காலை நான்கு மணிக்கு மழை பெய்யட்டும்.

அதே ஆய்வு இன்னொன்றுக்கும் பதில். 'போய்ப் பார்த்தாலும் அஞ்சு நிமிஷத்துல மறந்துடுறாங்க, எதுக்குப் போகணும்?' என்று பலர் இல்லத்துப் பக்கமே போவதில்லை. வந்தது மறந்துபோகும், வந்ததால் வந்த நிறைவு கொஞ்ச நேரம் இருக்கும். போகிறவர்கள் ஒரு காரியம் செய்யாமல் இருந்தால் போதும். போனதும் போகாததுமாக, 'நான் யாரு சொல்லுங்க? என்னைத் தெரியுதா?' என்று பரீட்சை வைக்கிறோமே, அதை நிறுத்த வேண்டும். பதில் தெரியாத வெட்கத்தில் அந்த முகம் சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 'நான் உங்க மகம்மா' என்று நாமே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்?

நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009 முதல் ஹோகவேய்க் என்ற மறதி நோயாளிகள் கிராமம் இயங்குகிறது. சிறு சிறு வீடுகள், கடை, தெரு எல்லாம் உள்ளேயே. தொடங்கியபோது, ஒரே விதமாக வாழ்ந்து பழகியவர்களை ஒரே வீட்டில் சேர்த்தார்கள். அதில் ஒரு வகை, டச்சு ஆட்சிக் காலத்தில் இந்தோனேசியாவில் வாழ்ந்தவர்களுக்கு. அங்கே அந்த நாட்டுச் சமையல். நோயாளியின் பழைய வாழ்க்கையை இல்லத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று பணக்கார நாட்டுக்காரர்கள் அவ்வளவு செலவு செய்கிறார்கள். நம் குடும்பங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே பாதி கிடைத்துவிடும். என்ன பெயரில் அழைத்தார்கள், எந்தத் தோட்டம், கோயில் திருவிழாவில் என்ன செய்தார், தேநீரில் சீனியா டின் பாலா, எதைச் சொன்னால் அடங்குவார்.

செலவையும் சொல்லியாக வேண்டும். நல்ல தனியார் இல்லத்துக்கு மாதம் சில ஆயிரம் வெள்ளி ஆகும். டயாபர், சத்துப் பால், மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் கூலி எல்லாம் பெரும்பாலும் தனிக் கணக்கு. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு மலேசியாவில் ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வரிவிலக்கு உண்டு, டாக்டரின் சான்றும் ரசீதும் வேண்டும். சிங்கப்பூரில் குடும்ப வருமானத்தைப் பார்த்து அரசாங்கம் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்கிறது. 1999-இலேயே பாசிர் ரிஸில் மறதி நோயாளிகளுக்கென்றே ஏபெக்ஸ் ஹார்மனி லாட்ஜ் கட்டிவிட்டார்கள். இக்கரையில் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை.

கிள்ளான் குடும்பத்தில் பணம் பேச்சு வந்தபோது, தம்பி பாதி தருவதாக ஒப்புக்கொண்டார், கோபம் தீராமலே. தீபாவளிக்கு வந்தவர், முறுக்கு டின்னோடு இல்லத்துக்குப் போனார். அக்கா சொல்லித்தான் அனுப்பியிருந்தார், பரீட்சை வைக்காதே என்று. பேண்டும் சட்டையுமாக, பாக்கெட்டில் பேனாவோடு வந்து நின்ற மகனை அம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னா கிராணி, நேத்து என் பால நிறுத்தப்ப கொறச்சுட்டீங்களே. ரெண்டு வாளி முழுசா கொண்டாந்தேன். மூணு புள்ள இருக்கு எனக்கு."

பிள்ளைகள் இரண்டுதான் வளர்ந்தன. ஒன்று சிறு வயதில் போய்விட்டது. தம்பிக்கு அந்தக் கணக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் அவருக்குப் பேச்சு வரவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே தாழ உட்கார்ந்தார்.

"தப்புதாம்மா. நாளைக்குச் சரியா நிறுக்கறேன்."

"ஆங்" என்றார் அம்மா. முறுக்கு டின்னைத் திறந்து, முதல் முறுக்கை எடுத்துக் கிராணிக்குக் கொடுத்தார்.

தம்பி இப்போது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஜொகூர் பாருவில் பஸ் ஏறுகிறார். சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்ள மறப்பதில்லை.